சுப்பையா என்று என்னை அழைத்தவள்

1

சென்ற திங்கட்கிழமை காலை என் மகள் என்னை என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "ஹாய் சுப்பையா" என்றாள். கூப்பிட்டது தன் அம்மாவை என்று அவளுக்குத் தெரியாது. பேசுவது என் மகள் என்று எனக்கும் முதலில் தெரியவில்லை. அலுவலகத்தில் தொலைபேசி வழியாக நடக்கும் வாராந்திரக் கூட்டத்தில், எட்டுப் பேருக்கு நடுவே இது நடந்தது. அதற்கு முன் இரண்டு மாதங்களாக நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

இதை எழுதும்போதும் எனக்கு மனது முழுதாக நிலைக்கு வரவில்லை. ஆனால் இந்த ஒரு வாரமாகப் பதற்றத்தைவிட யோசனைதான் அதிகமாக இருக்கிறது. ஒருவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பது இவ்வளவு வேலை செய்யுமா? ஊரில் இருப்பவர்களுக்கு இது புரிய வேண்டுமானால், கல்கத்தாவில் மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

2

நான் கோவில்பட்டிக்காரி. பி.காம். முடித்த கையோடு கல்யாணமாகி இங்கே வந்தவள். என் கணவரின் தாத்தா காலத்திலேயே அவர்கள் குடும்பம் ரயில்வே வேலைக்காகக் கல்கத்தா வந்துவிட்டது. இவரும் கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில்தான் இருக்கிறார். வீடு லேக் கார்டன்ஸில் இரண்டாவது மாடி.

வந்த மறுநாளே எதிர்வீட்டுப் பெண் கதவைத் தட்டி "பௌதி" என்றாள். அண்ணி என்று அர்த்தம். என் பெயரைக் கேட்டாள், தலையாட்டினாள், அதை எங்கோ ஓரமாக வைத்துவிட்டாள். இன்றுவரை ஒருமுறைகூட அதை எடுத்துப் பயன்படுத்தியதில்லை. காய்காரருக்கும் நான் பௌதி. ரிக்‌ஷாக்காரருக்கு தீதி, அக்கா. சில வருடங்களாக மருந்துக்கடைப் பையனுக்கு மாஷிமா, சித்தி. அவன் முதன்முதலில் அப்படிக் கூப்பிட்ட அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன். இந்த ஊரில் முன்பின் தெரியாதவர்கூட உறவு வைத்துத்தான் கூப்பிடுவார். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால்கூட "தாதா, கால்!" என்று அண்ணன் முறை சொல்லித்தான் சண்டையே ஆரம்பிக்கும்.

மகள் ரிமி பள்ளிக்குப் போன பிறகு நான் கிதிர்பூரில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கப்பலில் வந்து இறங்கும் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்க வேண்டிய காகிதங்களைத் தயார் செய்யும் இடம். சேர்ந்த அன்று எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "டைட்டில் என்ன?" என்பது. குடும்பப் பெயரை இங்கே டைட்டில் என்பார்கள். எனக்கு டைட்டில் கிடையாது, எஸ். மட்டும்தான் உண்டு, அது அப்பாவின் பெயர் என்றேன். பக்கத்து மேஜைக்காரர் தபன்தா, அதாவது தபன் அண்ணன், பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை அனுதாபத்தோடு பார்த்தார்.

"டைட்டிலே இல்லாம இத்தனை நாள் எப்படிம்மா சமாளிச்சே?"

வங்காளிகளுக்கு 'வ' வராது. வள்ளி என்ற என் பெயர் பொல்லி ஆனது. பல்லி ஆகாமல் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் தீதியின் 'தி' சேர்த்து, வயதில் மூத்தவர்களும் என்னைப் பொல்லிதி என்றார்கள். வெறும் பெயர் சொல்லி அங்கே யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. பெயருக்குப் பின்னால் ஒரு தாதாவோ தீதியோ பாபுவோ வந்து உட்கார்ந்தால்தான் பேச்சே தொடங்கும்.

இன்னொரு வழக்கமும் இங்கே உண்டு. ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் நல்ல பெயர் ஒன்று, வீட்டுக்குக் கூப்பிடும் பெயர் ஒன்று. பெரிய அதிகாரி வீட்டில் பாப்லுவாக இருப்பார். என் மகள் அபிராமிக்கும் தெருக்காரர்கள் ரிமி என்று வைத்தார்கள். நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். பள்ளிச் சான்றிதழ்களைத் தவிர வேறெங்கும் அபிராமி என்ற ஆள் எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

3

சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்தை வடக்கே உள்ள ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், மேஜைகளுக்கு நடுவே இருந்த தடுப்புகளை எடுத்தார்கள். பிறகு ஒரு பெண் வந்து, பிஸ்கட் கொடுத்து, திரையில் படம் காட்டி, இனிமேல் எல்லோரும் எல்லோரையும் முதல் பெயரால்தான் கூப்பிட வேண்டும் என்றாள். சார், மேடம், தாதா, தீதி எதுவும் கூடாது. தலைவருக்குக்கூட ரோஹித் என்றுதான் எழுத வேண்டும். ரோஹித்துக்கு வயது முப்பத்து மூன்று. அவரை நாங்கள் திரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம்.

தபன்தா ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருக்கிறது. அன்று தேநீர்க் கடையில் அவர் புலம்பியது இன்னும் காதில் இருக்கிறது.

"என் அம்மாகூட என்னைத் தபன்னு கூப்பிட்டதில்லை. அப்பா கூப்பிடுவார், பெல்ட்டைக் கையில எடுத்துக்கிட்டு. இப்ப யாராவது 'தபன்'னு சொன்னா முதுகு தானா வளையுது, பொல்லிதி."

"தீதி சொல்லக் கூடாது தபன்தா."

"நீ மட்டும் என்ன சொன்னே?"

எனக்கு வந்தது வேறு சிக்கல். பான் கார்டு எடுத்தபோது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். முன்னால் இருந்ததை முன்னாலேயே விரித்துச் சுப்பையா வள்ளியம்மை என்று எழுதிக் கொடுத்திருந்தேன். புதிய நிறுவனத்தின் கணினி அதைப் படித்து, முதல் பெயர் சுப்பையா என்று எடுத்துக்கொண்டது. மின்னஞ்சலில், கூட்டத்தில், அடையாள அட்டையில் எல்லாம் நான் சுப்பையா வி. ஆகிவிட்டேன்.

பிஸ்கட் கொடுத்த பெண்ணிடம் போன் செய்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "முதல்ல பான் கார்டை மாத்துங்க, பிறகு இங்க மாத்திடலாம்" என்றாள். வைப்பதற்கு முன்னால், "வேற ஏதாவது உதவி வேணுமா, சுப்பையா?" என்றாள்.

4

அப்பா கோவில்பட்டியில் ஒரு லாரி செட்டில் புக்கிங் கிளார்க். டிரைவர்களும் சுமைதூக்குபவர்களும் அவரை அண்ணாச்சி என்பார்கள். அம்மா "ஏங்க" என்பாள். முதலாளி "கிளார்க்கு" என்பார். கோவிலில் அர்ச்சனைக்கும் ரேஷன் கடையிலும் தவிர அவர் பெயர் உரக்கச் சொல்லப்பட்டு நான் கேட்டதில்லை. அப்பா இறந்து வெகு காலம் ஆகிறது. இப்போது அவருடைய பெயரைக் குர்கானிலிருந்தும் மும்பையிலிருந்தும் அவரைத் தெரியாத பிள்ளைகள் நாளெல்லாம் கூப்பிடுகிறார்கள். "சுப்பையா, அந்தக் கோப்பை அனுப்பிவிட்டீர்களா?" "சூப்பர், சுப்பையா!"

ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் உடம்பு கூசியது. நாற்காலியில் அவர் இருந்த இடத்தில் நான் உட்கார்ந்துவிட்ட மாதிரி. பிறகு ஒரு நாள் ரோஹித் கூட்டத்தில் ஒரு தேதியைத் தப்பாகச் சொன்னார். "ரோஹித், அது தவறு" என்று நான் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. பழைய முதலாளியிடம் இதைச் சொல்ல எனக்குக் கால் மணி நேரம் முன்னுரை தேவைப்பட்டிருக்கும். "ஓ, நன்றி சுப்பையா" என்று ரோஹித் திருத்திக்கொண்டார். அவ்வளவுதான்.

அதிலிருந்து எனக்கு இது பிடிபடத் தொடங்கியது. தீதி என்றால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பௌதி என்றால் யார் வந்தாலும் தேநீர் போட வேண்டும். மாஷிமா என்றால் புத்தி சொல்ல வேண்டும், முழங்கால் வலிக்க வேண்டும். ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு வேலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுப்பையாவுக்கு அப்படி எதுவும் இல்லை. அந்தப் பெயரில் நான் யாருக்கும் எதுவும் இல்லை. அது வெறுமையாகவும் இருந்தது, கொஞ்சம் காற்றோட்டமாகவும் இருந்தது. பான் கார்டை மாற்றும் வேலையைத் தள்ளிப் போட்டேன். இந்தப் பெயர்க் கதையை மகளிடம் சொன்னதில்லை.

5

ரிமிக்கு இப்போது இருபத்து நான்கு வயது. தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. கோபம் வந்தால் வங்காளி, காரியம் என்றால் ஆங்கிலம், பசித்தால் மட்டும் சுத்தமான தமிழ். வேலை கிடைத்துப் பெங்களூர் போய் ஒரு வருடம் ஆகிறது. ஏதோ பெரிய நிறுவனங்களின் அலுவலக வேலையை வாங்கிச் செய்யும் இடம் என்று சொல்லியிருந்தாள். அதற்குமேல் எனக்கு விளங்கவில்லை, அவளும் விளக்கவில்லை. பெண்கள் விடுதியில் இருந்தாள். அதனால் எனக்குத் தூக்கம் வந்தது.

துர்கா பூஜைக்குச் சில வாரம் முன்பு ஒரு மாலை போன் செய்தாள்.

"அம்மா, ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டேன். ஃப்ரெண்ட்ஸோட ஃப்ளாட் எடுத்தாச்சு. நாலு பேர். ரெண்டு கேர்ள்ஸ், ரெண்டு பாய்ஸ்."

"என்ன பிள்ளை சொல்லுத? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காண்டாமா?"

"கேக்கலைம்மா. சொல்றேன்."

பயம் வந்தால் எனக்குக் கோவில்பட்டிப் பேச்சு வந்துவிடும், கேள்விகளும் நிற்காது. எந்த ஊர்ப் பயலுவ, என்ன ஆளுக, அவங்க வீட்டுல தெரியுமா, தனித்தனி அறையா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று கேட்டுக்கொண்டே போனேன். அவள் வங்காளியில் "தூர் பாபா!" என்று சலித்துக்கொண்டாள். "இந்த வீட்டு நெனப்பு வந்தா அப்புறம் பேசு" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிடுவாள் என்று கையிலேயே வைத்திருந்தேன்.

கூப்பிடவில்லை. பூஜைக்கும் வரவில்லை. கல்கத்தாவில் வளர்ந்த பெண் பூஜைக்கு வீட்டுக்கு வரவில்லை என்றால் இங்கே அது சாதாரண விஷயம் இல்லை. பந்தலில் நின்ற எதிர்வீட்டுப் பெண், "ரிமி எப்போ வர்றா பௌதி?" என்று கேட்டாள். லீவு இல்லையாம் என்றேன். என் கணவர் அனுப்பும் செய்திகளுக்குக் கட்டைவிரல் படம் மட்டும் பதிலாக வந்தது. "நீயே பேசிடேன்" என்றார் அவர். "அவ பேசட்டும்" என்றேன். ஒவ்வொரு நாளும் பேசாமல் போகப் போக, அடுத்த நாள் பேசுவது இன்னும் கடினமாகிக்கொண்டே வந்தது. இப்படியே விட்டுப்போய்விடுமோ என்ற பயம் எனக்கு இருந்தது. வெளியே சொல்லவில்லை.

6

அந்த நாட்களில்தான் அபி வந்தான். வந்தான் என்றே எழுதுகிறேன், அப்போது எனக்கு அவன் பையன்தான். வங்காளத்தில் அபி என்றால் அபிஜித், இல்லையென்றால் அபிஷேக். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், பொட்டலம் கட்டும் இயந்திரங்களின் உதிரி பாகங்களை இறக்குமதி செய்பவர், தன் காகித வேலைகளை வெளியே யாரிடமோ கொடுத்திருந்தார். வாடிக்கையாளரின் பொது முகவரியிலிருந்துதான் மின்னஞ்சல்கள் வரும். கீழே அபி என்ற ஒற்றைப் பெயர் இருக்கும்.

"ஹாய் சுப்பையா, சின்ன நினைவூட்டல்." "ஹாய் சுப்பையா, மீண்டும் நினைவூட்டுகிறேன்." எல்லாம் ஆங்கிலத்தில், கத்தரித்து வைத்த மாதிரி. "இந்தப் பயலுக்கு என்ன அவசரம்?" என்று தபன்தாவிடம் சொல்வேன்.

அவருடைய சரக்கு வந்த கண்டெய்னர் பெட்டகம் ஒன்று துறைமுகத்தில் நின்றுவிட்டது. சரக்குப் பட்டியலில் ஒரு எடை, கப்பல் ரசீதில் வேறு எடை. அபி திருத்தி அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை. நான் நினைவூட்டினேன். பதில் இல்லை. சரியாக மாட்டினான் என்று இரண்டு காட்டமான வரிகள் எழுதினேன். மறுநாள் பதில் வந்தது.

"ஹாய் சுப்பையா, தாமதத்துக்கு மன்னிக்கவும். டெங்கு காய்ச்சல். மருத்துவமனையில் இருந்தேன், நேற்றுதான் வீட்டுக்கு விட்டார்கள். பட்டியலை இன்றே முடித்துவிடுகிறேன்."

காட்டமாக எழுதிய கை சுட்டது. உடனே எழுதினேன். பட்டியல் எங்கும் ஓடிவிடாது, இரண்டு நாள் எங்கள் பக்கத்தில் நான் சமாளிக்கிறேன். இப்போது காய்ச்சல் இருக்கிறதா? இளநீர் குடிக்க வேண்டும், திரையைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. கூட ஆள் இருக்கிறதா? அம்மாவுக்குச் சொல்லியாயிற்றா?

அவன் பதில் சாயந்திரம் வந்தது. அதற்குமுன் வந்த எதையும் போல இல்லை.

"ரொம்ப நன்றி, சுப்பையா. அலுவலகத்தில் யாரும் இப்படிக் கேட்கவில்லை. என்னோடு தங்கியிருப்பவர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால், உடம்பு எப்படி இருக்கிறது என்பதற்கு முன்னால், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது இதை என் கணவரிடம் சொன்னேன். "பிள்ளை ஆஸ்பத்திரியில கிடந்திருக்கான், பெத்தவகிட்ட சொல்லப் பயப்படுதான். எப்பேர்ப்பட்ட பொம்பளையா இருப்பா!"

அவர் ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே, "அந்தம்மாவுக்கு என்ன கஷ்டமோ" என்றார்.

7

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு நானும் தபன்தாவும் சின்ன அறையில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஸ்பீக்கர். ரோஹித், "இன்று அபியும் சேர்ந்திருக்கிறார்" என்றார்.

"ஹாய் சுப்பையா, அபி பேசறேன்" என்றது ஒரு பெண் குரல். கரகரத்திருந்தது. அட, பெண்ணா என்றுதான் முதலில் தோன்றியது. அவள் எடையை விளக்கத் தொடங்கினாள். இடையில் தடுமாறி, "மானே..." என்றாள். 'அதாவது' என்பதற்கு வங்காளிகள் சொல்லும் சொல். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசும்போதும் அது நாக்கில் வந்துவிடும். தபன்தா நிமிர்ந்து, "ஆரே, நம்ம ஊர்ப் பொண்ணு!" என்று கிசுகிசுத்தார்.

இரண்டாவது 'மானே'யில் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சொல்லுக்குப் பின் மூச்சை இழுத்துக்கொள்வதை எத்தனை வருடம் வீட்டுப்பாட மேஜையில் கேட்டிருக்கிறேன்.

டெங்கு. மருத்துவமனை. முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்குச் சொல்லவில்லை. நான் படித்திருந்த வரிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஆள் மாறி என் மேல் வந்து விழுந்தன. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"சுப்பையா? இருக்கிறீர்களா?" என்றார் ரோஹித்.

வாயைத் திறந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். எட்டுப் பேர் முன்னால் கூசிப் போய் இணைப்பைத் துண்டித்துவிட்டால்? அதற்குப் பிறகு நானும் அவளும் எங்கே சந்திப்பது? அம்மாவாகப் பேச அங்கே இடம் இல்லை. எனக்கு அங்கே இருந்தது ஒரே ஒரு ஆளின் இடம்தான். அந்த ஆளாகவே பேசினேன்.

"இருக்கிறேன், ரோஹித். திருத்திய பட்டியல் வந்துவிட்டது, சரியாக இருக்கிறது. நாளை சுங்கத்தில் கொடுத்துவிடுவோம். அபி, நீங்கள் கவலைப்பட வேண்டாம்."

ரோஹித் மறுபடி குறுக்கிட்டார்.

"அபி? இணைப்பு போய்விட்டதா?"

"இல்லை... இருக்கேன்." இருமினாள். "தேங்க்யூ, சுப்பையா."

அந்தப் பெயரை அவ்வளவு மெதுவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எட்டுப் பேரில் அது ஏன் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். ரோஹித் அடுத்த பெட்டகத்துக்குப் போனார்.

"என்ன பொல்லிதி, முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?" என்றார் தபன்தா.

"அது ரிமி."

"எது?"

"அபி."

எங்கள் பக்கத்து ஒலி அணைந்திருக்கிறதா என்று அவர் குனிந்து பார்த்தார். மறுபடி பார்த்தார். "சின்னப் பிள்ளையில ஆபீஸுக்கு வந்தா, சந்தேஷ் ஸ்வீட் இருக்கான்னு என் டிபன் டப்பாவைத் திறப்பாளே, அந்த ரிமியா? அந்த வாலுதான் நம்மளை இத்தனை நாள் விரட்டினதா?" அவருக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டு, எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

என் கைபேசியில் ஒரு செய்தி வந்திருந்தது. இரண்டு மாதத்தில் முதல் செய்தி. ஆங்கில எழுத்தில், "அம்மா?"

எத்தனையோ எழுதி அழித்தேன். கடைசியில், "இப்போ காய்ச்சல் இருக்கா?" என்று மட்டும் அனுப்பினேன்.

"இல்ல. சாயந்திரம் பண்றேன்."

8

மாஜேர்ஹாட்டில் ரயில் ஏறி லேக் கார்டன்ஸில் இறங்கும்வரை ஒரே கேள்விதான். சுப்பையாவுக்கு எழுதியதை அவள் ஏன் எனக்குச் சொல்லவில்லை? கோபமாகத் தொடங்கிய கேள்வி, இறங்கும்போது வேறு மாதிரி ஆகியிருந்தது. சுப்பையா என்ன செய்தான்? பெரிதாக ஒன்றும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மனிதர்கள் என்ன கேட்பார்களோ அதைக் கேட்டான். அதற்குமேல் கேட்கும் உரிமை அவனுக்கு இல்லை. உரிமை இல்லாததால் சரியான கேள்வியோடு நின்றுகொண்டான்.

சாயந்திரம் அவளே அழைத்தாள்.

"தாத்தா பேரா இருக்கேன்னு பார்த்தேன்" என்றாள். "உங்க ஊர்ல தெருவுக்கு நாலு சுப்பையான்னு நீதானே சொல்லுவ. குர்கான் ஆபீஸ்ல யாரோன்னு நெனச்சேன்."

"பிளேட்லெட் இப்ப எவ்வளவு?"

"நார்மல் ஆயிடுச்சும்மா. டயர்டா இருக்கு, அவ்வளவுதான்."

"நீ எழுதினதெல்லாம் படிச்சேன் பிள்ளை. அம்மாவைப் பத்தி எழுதினதையும்."

"அது..." நிறுத்தினாள். "அது சுப்பையாவுக்கு எழுதினது."

"தெரியும்."

"கோவமா?"

"அந்த அம்மாவை நானும் திட்டினேன். அப்பாகிட்ட. எப்பேர்ப்பட்ட பொம்பளையோன்னு."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகியது. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடுத்த அறையில் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் கணவர் பக்கத்தைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தியமா சொல்றேன்மா," என்றாள், "நீ அபிகிட்ட பேசின மாதிரி என்கிட்ட பேசியிருந்தா நான் பூஜைக்கு வந்திருப்பேன்."

பதில் சொல்ல வாயெடுத்தேன். என் பயம் உனக்குப் புரியாது, பெற்றவளுக்குத்தான் தெரியும் என்று நீளமாக ஒன்று தொண்டைவரை வந்தது. அது அங்கேயே நிற்கட்டும் என்று விட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிட்டுப் போனா?"

அவள் தயங்கினாள். எந்தக் கேள்வி எந்த வழியில் வருகிறது என்று எடை பார்க்கிறாள் என்று புரிந்தது.

"ஃப்ளாட்மேட்தான். தூக்கிட்டுப் போய் ஆட்டோல போட்டான். இங்கதான் இருக்கான்." பிறகு, கொஞ்சம் சவால் போல, "பேசறியா?"

"கொடு."

கைபேசி கை மாறும் சத்தம். தொண்டையைச் செருமிக்கொள்ளும் ஒரு இளம் குரல். "நமஸ்காரம். எனக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். உங்களை எப்படிக் கூப்பிடணும்?"

பௌதி, தீதி, மாஷிமா, சுப்பையா. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என்னை எத்தனையோ பேர் எப்படி எப்படியோ கூப்பிட்டுவிட்டார்கள். எப்படிக் கூப்பிடணும் என்று யாரும் கேட்டதில்லை.

"எப்படி வேணும்னாலும் கூப்பிடுப்பா. உன் பேரு என்ன?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. அன்று போனில் ஊரைக் கேட்டேன், ஆளைக் கேட்டேன், தாழ்ப்பாளைக் கேட்டேன். இதைக் கேட்கவில்லை.

"அனீஷ், ஆன்ட்டி. திருச்சூர்."

"அனீஷ்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அவளுக்குச் சாப்பிட என்ன கொடுத்தீங்க, அனீஷ்?"

"கஞ்சி. நானே வச்சேன். அவள் நல்லா இல்லைன்னு சொன்னாள்."

"பச்சத்தண்ணி மாதிரி இருந்துதும்மா!" என்று பின்னால் ரிமி கத்தினாள்.

"உப்பு மாத்திரம்தான் போட்டேன், ஆன்ட்டி."

"சீரகம் போடலையா? ரெண்டு சின்ன வெங்காயம்?"

"இல்லை. அடுத்த தடவை போடறேன்."

"அடுத்த தடவைன்னு ஒண்ணு வேண்டாம்ப்பா," என்றேன். "சும்மா ஒரு நாள் வச்சுக் குடிங்க. எப்படி வைக்கணும்னு சொல்லுதேன், எழுதிக்கோ."

"ஒரு நிமிஷம் ஆன்ட்டி, பேனா எடுத்துட்டு வரேன்" என்றான்.

காத்திருந்தேன்.